பின் வலது, பன்னிரண்டு மீட்டர்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்
ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர், ஒரு ஆம்ப்ளிஃபயர்.
துலூஸுக்குக் குடிபெயர்ந்த யாரோ விட்டுப்போனவை.
ரிமோட் இல்லை. எண்ணூறு ரூபாய் குறைந்தது அதனால்தான்.
வூஃபரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில்
முத்தியால்பேட்டை வரை வந்தேன்.
மாடிப்படியில் வீட்டுக்காரர் கஸ்பார்
"என்னம்மா இது, ஸ்டூலா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

பெட்டியின் முதுகில் இரண்டே துளை.
கம்ப்யூட்டருக்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று.
நின்டெண்டோ
பந்தியில் இலை கிடைக்காதவனைப் போல நின்றது.
அதை முதலில் டிவிக்கு அனுப்பி
டிவியிலிருந்து, ஒளி போகும் மெல்லிய கம்பி வழியே
பெட்டிக்குக் கூட்டிவந்தேன்.
"வெளிச்சமா சத்தத்தத் தூக்கிட்டு வருது?"
ஜெனோவா நம்பவில்லை.
கம்பியைப் பிடுங்கி நுனியைக் காட்டினேன்.
மூக்குத்தி அளவு சிவப்பு.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெனு முழுக்க பிரெஞ்சு.
பிளஸ் டூவில் மார்க்குக்காகப் படித்தது;
நூற்று எண்பத்தொன்பது வாங்கிக் கொடுத்துவிட்டு
பத்து வருஷமாக என்னோடு பேசாமல் இருந்தது.
இப்போது மூலைக்கு மூலை ஒரு பெண்குரலாக வந்து
தன் இடத்தைச் சொல்கிறது.
கோஷ்.
சாந்த்ரால்.
துருவாத்.
ஆர்யேர் கோஷ், கட்டிலுக்கு மேலிருந்து.
ஆர்யேர் துருவாத்தின் முறை வந்தபோது
கதவருகே மௌனம்.

எலி.
துலூஸுக்குப் போகாத ஏதோ ஓர் எலி
ஒயரை இரண்டு இடத்தில் ருசி பார்த்திருந்தது.
பல்லால் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன்.
பிறகும் கம்ப்யூட்டர் மட்டும்
முன்னாலிருந்தே பேசிக்கொண்டிருந்தது.
செட்டிங்கில் ஸ்டீரியோ என்று இருந்ததை
ஐந்து புள்ளி ஒன்றாக மாற்ற
எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது.
அதை யாரிடமும் சொல்லாதே என்று
ஜெனோவாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசி வேலை அளவெடுப்பது.
காது இருக்கும் உயரத்தில் மைக்கை நிறுத்தி
மூன்று நிமிடம் எல்லாரும் வாயை மூட வேண்டும்.
நான் மூடினேன். முத்தியால்பேட்டை மூடவில்லை.
சங்கரா, பாறை என்று ஸ்கூட்டர் வந்தது.
எதிர்வீட்டு குக்கர் நாலாவது விசிலுக்கு ஏங்கியது.
கஸ்பார் தும்மினார், தொடர் தும்மல்.
ஒவ்வொரு தடவையும் திரையில்
த்ரோ த ப்ருய்.
சத்தம் அதிகம்.
எனக்கும் தெரியும், மதாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு
ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜைப் பிடுங்கி,
வியர்வை சொட்டுவது மைக்கில் விழுமோ என்று பயந்து
தரையில் படுத்துக் கிடந்தேன்.
ஐந்து மூலையும் ஊங் என்றன. முடிந்தது.
முன் இடது ஒன்று புள்ளி எட்டு மீட்டர்.
முன் வலது ஒன்று புள்ளி ஒன்பது.
பின் வலது பன்னிரண்டு புள்ளி நான்கு.

அறையே நாலு மீட்டர்தான்.
கதவு திறந்திருந்ததால்
படிக்கட்டு வரை இறங்கிப் போய் அளந்திருக்கிறது.
அவ்வளவு தொலைவில் இருப்பவன் தாமதமாக வருவான் என்று
மற்ற நால்வரையும் காக்கவைத்து
அவனை மட்டும் முன்னதாகவே அனுப்புகிறது.
முப்பது மில்லி செகண்ட் இருக்கும்.
பாழடைந்த ஆலையில் என்னைத் தேடி வருகிறவன்
வலது தோளுக்குப் பின்னால்
வருவதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிடுகிறான்.
மூன்று நாளாக என்னை யாராலும் கொல்ல முடியவில்லை.

ஜிப்மர் நைட் டியூட்டி முடிந்து
காலையில் ஜெனோவா வந்தாள்.
பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள்,
நேரு வீதியில் நூற்றைம்பது ரூபாய்,
எல்லா மாடலுக்கும் ஆகுமாம்.
"இனிமே தூரத்தக் கையாலயே திருத்திக்கலாம்.
பாஷையையும் மாத்திக்கலாம்.
ஐயோ, பேட்டரி வாங்க..."

பரவாயில்லை என்றேன்,
அவள் முடிப்பதற்குள்.