இரண்டு பத்தி, பன்னிரண்டு சென்டிமீட்டர்

கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை வரிசை.
அதில் சாமி ஒருவர் நிற்கிறார், கையில் மனு:
'ஆற்றில் குளிக்க முடியவில்லை ஐயா.'
சிவனணைந்தான் வரைந்து அனுப்பியது.
பக்கம் வைக்கும்போது நான் சிரித்துவிட்டேன்.
அதுதான் முதல் தப்பு.

"எந்தச் சாமிவே இது?"
பொறுப்பாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.
எந்தச் சாமியும் இல்லை அண்ணாச்சி,
நாலு கை, அவ்வளவுதான்.
"ரெண்டை எடு."
எடுத்தேன்.
கிரீடம் போனது, கூடவே
தலைக்குப் பின்னால் இருந்த வெளிச்சமும்.
"தாடின்னா மேலப்பாளையத்துல கேப்பாங்க,
அங்கின்னா பாளையங்கோட்டையில."
தாடியும் இல்லை அங்கியும் இல்லை என்றேன்.
"இருந்தா என்னாகும்னு சொல்லுதேன்."

மிச்சம் ஒரு ஆள், மீசையோடு.
மீசையை ரொம்ப நேரம் பார்த்தார்.
"இது எந்தத் தெரு மீசை?"
மணி பதினொன்றே கால்.
கீழே பிளேட்டுக்குக் காத்திருந்த மைதீன் பிச்சை
இரண்டு தடவை மணியடித்துவிட்டான்.
மீசையை அழித்தேன்,
அதோடு முகமும் வந்துவிட்டது.

வரிசையில் ஓர் இடைவெளி.
அந்தரத்தில் ஒரு மனு.
"ஆறுன்னு போட்டிருக்கே,
எந்த ஆறுன்னு எவனாவது கேட்டா?"

விடியுமுன் வள்ளியூர் வண்டியில் ஏறிய கட்டுகளில்
அந்த இடத்தில் நகைக்கடன் விளம்பரம்,
கிராமுக்கு இவ்வளவு என்று.

சிவனணைந்தான் போனில் கோபப்படவில்லை.
அடுத்த வாரத்துக்கு
ஜங்ஷனில் பஸ்ஸை மறித்துப் படுத்திருக்கும்
ஒரு மாடு வரையட்டுமா என்றான்.

வேண்டாம் என்று நானே சொன்னேன்,
அண்ணாச்சியைக் கேட்காமலே.