சுவரிலிருந்து இரண்டே கால் அடி

காலை ஏழரைக்கே மிக்ஸர் வந்து
தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.
விஜினாபுரத்தில் எங்கள் தெருவில்
ஒரு பைக் திரும்பினாலே பெரிது.

எங்களிடம் கார் இல்லை. இருந்தும்
கார் நிறுத்தும் இடத்துக்கு நாலு அங்குல கான்கிரீட்.
மழைக்கு மழை சேறு மிதித்து
அலுத்துப் போயிருந்தேன்.

அடியில் என்னென்ன லைன் போகிறது என்று
யாத்கீர் மேஸ்திரி அனுமந்தப்பா கேட்டார்.
தண்ணீர் என்றேன். சாக்கடை என்றேன்.
மீட்டருக்கு வரும் கேபிள்,
போன வருடம் போட்ட கேஸ்.
"எல்லி?" என்றார்.
கையை வீசிக் காட்டினேன்,
வேளாங்கண்ணி எந்தத் திசை என்று கேட்டால் காட்டுவதுபோல.

தெரிந்தவர் ஒருவர் உண்டு.
சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.
முப்பதுக்கு நாற்பது மனையைப்
பதினைந்து பதினைந்தாகப் பிரித்ததிலிருந்து
ஆறு வருடமாக
என் கொழுந்தன் ஞானப்பிரகாசம் எங்களோடு பேசுவதில்லை.
இந்தக் குழாய்களைப் பதித்தவர் அவர்தான்.
ராத்திரியில், இடுப்பளவு பள்ளத்தில்.
மேலே நின்று டார்ச் பிடித்தது நான்.

எட்டு மணிக்கு அவர் மகள் ஜெசிந்தா வந்தாள்,
பள்ளிக்கூட ஷூவோடு, ஜல்லிக் குவியலைச் சுற்றி.
கையில் ஒரு கரண்ட் பில். பின்புறம் படம்.
"அப்பா குடுக்கச் சொல்லல பெரியம்மா.
மேசமேல வச்சிட்டுக் கண்ணக் காட்டினாரு."

எங்கள் வாசல் ஒரு கட்டம்.
சாக்கடைக்கு இரட்டைக்கோடு, கேபிளுக்குப் புள்ளிகள்.
கேஸ் மட்டும் இல்லை.
அது போடும்போது பேச்சில்லை.

கடைசியாக ஒரு கோடு.
சுவரிலிருந்து இரண்டே கால் அடி,
எங்கள் வாசலுக்குக் கீழாகவே ஓடி
மூலையில் திரும்பிச் சுவரைத் தாண்டி
அவர்கள் சமையலறைக்கு.
அவர்கள் வீட்டுக் காவிரி.
வெட்டாதீர்கள் என்றோ
பார்த்துச் செய்யுங்கள் என்றோ எழுதவில்லை.
அளவு மட்டும்.

பிளம்பர் பாஷா தோண்டினார். இருந்தது.
மூட்டில் அன்று சுற்றிய வெள்ளை டேப்கூட
பிரியாமல் இருந்தது.
"இது உங்க லைன் இல்லியே மேடம். மூடிடவா?"

மூடிவிட்டு, நாளைக்கு அது கசிந்தால்?
மூன்று அங்குலக் குழாய் வாங்கி வரச் சொன்னேன்.
நீளவாக்கில் பிளந்து, அதன்மேல் கவிழ்த்து,
ஆற்றுமணல் போட்டு மூடினார்.
ஆயிரத்து நூறு ரூபாய்.
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.
ஜல்லிக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

கம்பி வலை விரித்து
பதினொன்றுக்குள் ஊற்றி முடித்தார்கள்.
சாம்பல் நிறக் கஞ்சி மெல்லப் பரவிப்
படத்திலிருந்த கோடுகளை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.
ஆணியால் சுவரில் அளவுகளைக் கீறினேன்,
கேஸையும் சேர்த்து,
அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாலும்
தெரிகிற உயரத்தில்.

ஒருநாள் விட்டு ஒருநாள்
ராத்திரி மூன்றுக்குக் காவிரி விடுவார்கள்.
ஈரச்சாக்கு விரித்த தரையில் இறங்காமல்
நிலைப்படியிலேயே நின்றேன்.
அந்தப் பக்கம் குழாயைத் திறக்கும் சத்தம்.
முதலில் காற்று.
இருமல்போல இரண்டு மூன்று தரம்.
பிறகு வாளியில் தண்ணீர்.

கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.
எதற்கு எடுத்து வந்தேனோ.
அணைத்துவிட்டு உள்ளே போனேன்.