சீல் எண் 40718

இலந்தைக்குளம், மூன்றாம் மாடி, இரவு இரண்டேகால்.
திரையில் ஒரு பச்சைப் புள்ளி
லியோனைத் தாண்டி வடக்கே ஊர்கிறது.
உள்ளே கைக்கடிகாரங்கள்,
நாற்பது கோடி என்கிறது தாள்.

விளக்கில்லாத இடத்தில் நிறுத்தாதே, மிரோஸ்லாவ்.
வேலியும் காவலும் உள்ள நிறுத்தம்
இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.
மூத்திரம் முட்டுது மேடம் என்கிறான்,
அவனுக்கும் எனக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில்.

விதிப்படி கூடாது.
நாலு நிமிஷம், என்றேன். இன்ஜினை அணைக்காதே.

புள்ளி நின்றது.
கதவு மூடித்தான் இருக்கிறது என்றது சென்சார்.
சீல் உடையவில்லை.
ஆறிப்போன டீயில் ஏடு படிந்திருந்தது,
அதை விரலால் ஒதுக்கினேன், மறுபடி ஒதுக்கினேன்.
ஆறாவது நிமிஷம் அசைந்தது.
பதிவில் 'சாலை நெரிசல்' என்று எழுதிவைத்தேன்.

நாலரைக்கு கேப் வரவில்லை.
தாலிக்கொடியை சுடிதாருக்குள் தள்ளி ஊக்கு குத்தி
துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி
தேன்மொழியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டேன்.
ஐந்து பவுன்;
போன மாதம்தான் அடகிலிருந்து திரும்பியது.

பாண்டி கோயில் தாண்டியதும் ரிங் ரோட்டில் இருட்டு.
பின்னால் ஒரு பைக், முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.
எனக்கும் முட்டியது.
விரகனூர் வரை
எங்கேயும் நிறுத்தவில்லை.