உடம்புச் சூடு

வியாழன் அந்த அறையில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.
சுவரில் ஒரு வாத்துப் படம்.
கதவுக்கு வெளியே யாரோ ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
நாற்பது நிமிடம் வாத்தைப் பார்த்துவிட்டு
வெறும் குப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பரவாயில்லை, என்றாள் நர்ஸ் ஒக்சானா,
வீட்டிலிருந்தும் கொண்டுவரலாம்,
ஒரு மணித்தியாலத்துக்குள்,
உடம்புச் சூடு குறையாமல்.
சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தாறு.

திங்கள் கீமோ தொடங்கும்.
வயது இருபத்தாறு. கழுத்தில்
புளியங்கொட்டை அளவில் மூன்று கட்டி.
கல்யாணம் இல்லை, காதல் என்று சொல்லும்படியும் இல்லை.
பிள்ளையைப் பற்றி யோசித்ததே கிடையாது.
யோசிக்காமல் இருக்கிற உரிமை
கையைவிட்டுப் போகக்கூடாதென்றுதான் ஒப்பமிட்டேன்.

ஃபோமின் நான்காம் பக்கத்தில்
நீங்கள் இறந்துவிட்டால் என்று ஒரு கேள்வி.
அழிக்க. ஆராய்ச்சிக்கு. துணைக்கு.
துணைச் சதுரத்தில் பேனையை வைத்துப் பார்த்தேன்.
பக்கத்தில் பெயர் எழுதக் கோடு, நீளமான கோடு.
அழிக்க என்பதில் சரி போட்டேன்.

சனி காலை தம்பிக்கு வேலை.
அப்பாதான் ஓட்டினார்.
இரவு முழுக்க கரண்டில் மாட்டியிருந்த கார்
இருமி இருமிக் கிளம்பியது.
"டெஸ்டுக்குக் குடுக்கோணும்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.
என்ன டெஸ்ட் என்று அவர் கேட்கவில்லை.
அதற்கு எங்கள் வீட்டில் சொல் இல்லை.
ஊரில் பஸ் ஸ்டாண்ட் மூத்திரச் சுவரில்
பரம்பரை வைத்தியரின் நோட்டீஸில் வாசித்ததோடு சரி.
குப்பி என் கக்கத்தில்.
மேலே சட்டை, ஸ்வெட்டர், குளிர்க்கோட்டு.
அடைக்கோழிபோல அசையாமல் இருந்தேன்.

கடவையில் மணி அடித்தது.
தானிய ரயில்.
இங்கே அது வந்தால்
ஊரே எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும்.
எழுபது பெட்டி, எண்பது,
கோதுமை, கனோலா, பட்டாணி,
எல்லாம் மேற்கே ஏதோ துறைமுகத்துக்கு.
தொண்ணூற்று நான்காம் பெட்டியில்
ரயில் நின்றது.
முழுசாக நின்றது.
இருபத்தொன்பது நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது.

அப்பா ஹீட்டரைக் கடைசிவரை திருகினார்.
தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
என் பக்கம் பாராமலே நீட்டினார்.
"இதுக்குள்ள வைச்சு மூடிப் பிடி."
தொப்பியில் தலையிடித் தைலம் மணத்தது.
அவர் பெருவிரல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தது.
பிறகு ரயிலைப் பார்த்து ஒரு தூஷணம் சொன்னார்,
என் முன்னால் அவர் சொன்ன முதல் தூஷணம்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம் ஒக்சானா கை நீட்டினாள்.
தொப்பியோடு கொடுத்துவிட்டேன்.
சிரிக்காமல் குப்பியை எடுத்துக்கொண்டு
தொப்பியை மடித்துத் திருப்பித் தந்தாள்.
இவ்வளவு பொத்திப் பொத்திக் கொண்டுவந்ததை
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில் போடுவார்கள் என்று
திரும்பி வரும்போது அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

இது ஒன்பதாவது ஜனவரி.
கழுத்தில் தழும்பு மட்டும்.
பில் வந்திருக்கிறது:
ஐந்து குழாய், ஒரு வருட வாடகை, வரி தனி.
மயூரதி அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்.
நான்காம் பக்கத்தை மாற்றி எழுதிக் கொடுத்தாயிற்று.
மயூரதி குலவீரசிங்கம் என்று எழுதியதில்
கடைசி இரண்டு எழுத்துக்கு அந்தக் கோடு போதவில்லை.
பிள்ளையா, வேண்டாமா, இன்னும் பேசவில்லை.
சில ஞாயிறுகளில் பேசத் தொடங்கி
தேநீர் போடப் போய்விடுகிறோம்.

நேற்று அப்பா போன் எடுத்தார்.
பனி கொட்டுதோ.
காருக்கு இன்சூரன்ஸ் கட்டினியோ.
பிறகு கொஞ்சம் செருமல்.
"மற்றதும் கட்டிப்போட்டியோ?"
கட்டிட்டன், என்றேன்.
"ம். சரி, வைக்கிறன்."