ஸ்லோர்வல்

நூறு சொற்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும்.
தெரிந்தால் பச்சை. தெரியாவிட்டால் சிவப்பு.
முப்பது சொற்கள் பொய்.
மூன்று இரவு விழித்து
ஃப்ளெமிஷ் காதுக்கு உறுத்தாதபடி
அவற்றைக் கோத்தவள் நான்.
மெய் உண்டு, உயிர் உண்டு,
பொருள்தான் இல்லை.

கோர்ட்ரைக்கில் அன்று காலையிலிருந்தே மழை.
ஆற்றோரம் படகு எஞ்சின் பட்டறை,
அதன் தலைமேல் வீடு,
வீட்டில் பாதி கல்யாண உடைகள்.

லோடே முதலில் உட்கார்ந்தான்.
கிரீஸ் விரல் பட்டுவிடுமே என்று
பேனாவின் மறுமுனையால் அழுத்தினான்.
ஃப்ளேஞ்ச், பச்சை. கேம்ஷாஃப்ட், பச்சை.
டஃபேட்டா வந்ததும் என்னைப் பார்த்தான்:
"இத்தாலிக்காரர்கள் சாப்பிடுவார்களே, அதுவா?"
நான் வாய் திறக்கக் கூடாது. விதி.
சிவப்பு.

அவன் தலைக்கு மேல் கொக்கியில்
பதினொரு மீட்டர் டஃபேட்டா
தொங்கிக்கொண்டிருந்தது.

வேர்லே ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு வந்தாள்.
ஆர்கன்சாவுக்கும் பெப்ளத்துக்கும்
யோசிக்கவேயில்லை.
ஃப்ளேஞ்ச்சில் நின்றாள்.
இருபத்தாறு வருடமாக மாடிப்படி ஏறி வரும் சொல்.
பட்டறை பில்லில் பிழையில்லாமல்
அவள்தான் எழுதுகிறாள்.
"எழுதத் தெரியும். பார்த்ததில்லையே"
என்று சிவப்பை அழுத்தினாள்.
அவன் பார்த்தும் சிவப்பு,
இவள் பார்க்காததால் சிவப்பு.
என் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.

பிறகு காபி.
"ஸ்லோர்வல் என்ற சொல்லைக் கேட்டு
எத்தனை காலமாயிற்று" என்றான் லோடே.
எனக்குக் கோப்பை ஆடியது.
அது நான் செய்தது,
இரண்டாம் இரவு, பல் தேய்க்கும்போது.

"பிஸ்டன் இடுக்கில் கெட்டியாகிக் கிடக்குமே,
கறுப்பு மசி, அது."
"மசியாவது," வேர்லே சிரித்தாள்,
"துணி வெட்டும்போது கத்தரிக்குக் கீழே
சுருண்டு விழுகிற விளிம்பு.
மாஸ்டர் ரோமாண்டா எங்களை வைதே அதற்குத்தான்:
தரையெல்லாம் ஸ்லோர்வல் என்று."

"உனக்கு என்ன தெரியும்?"
"உனக்குத்தான் என்ன தெரியும்?"
டஃபேட்டாவுக்கு நடக்காத சண்டை,
ஃப்ளேஞ்ச்சுக்கு நடக்காத சண்டை,
இல்லாத ஒரு சொல்லுக்காக
அரை மணி நேரம் நடந்தது.
எத்தனை வருடம் கழித்தோ தெரியவில்லை,
அவன் அவளுடைய மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான்.
அவள் படியிறங்கிப் போய்
ஒரு பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

கடைசியில் இருவரும் என்னைக் கேட்டார்கள்.
விதி, என்றேன்.

ரயிலில் இருவர் கணக்கிலும்
ஒவ்வொரு பிழை குறித்தேன்,
ஆண் பத்தியில் ஒன்று, பெண் பத்தியில் ஒன்று.
கோட்டு நுனியில் என்னவோ ஒட்டியிருந்தது.
கறுப்பாக, சுருண்டு.
நூலா மசியா என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
போகவில்லை. கெண்ட் வரை கூடவே வந்தது.
அதை என்னவென்று சொல்வது என்று
எனக்குத் தெரிந்திருந்தது.