இரண்டு நிமிடம்

பேச எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள்.
கச்சேரி மண்டபம், குளிரூட்டி,
திரையில் வெள்ளையாய் ஓர் உலை.
கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர்
இதற்குப் புகையே இல்லை என்றார்.
உண்மைதான். தலையாட்டினேன்.

நான் குருநகரில் ஐஸ் கொம்பனி வைத்திருக்கிறவன்.
இரவு ஒரு மணிக்குக் கரண்ட் நின்றால்
பாளங்கள் வேர்க்கத் தொடங்கும்,
கூடவே என் நெற்றியும்.
ஜெனரேற்றரைப் போடுவேன்.
விடிய, பக்கத்து வளவில் யசிந்தா
கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைகளை
ஒவ்வொன்றாய் உதறிவிட்டு என்னைப் பார்ப்பா.
ஒன்றும் சொல்லமாட்டா.
சூழல் பற்றி நான் படித்த பாடம் அந்தப் பார்வைதான்.

கடலும் சூடாகுதாம்.
கரையோரம் பட்ட மீன் ஆழத்துக்குப் போய்விட்டதென்று
என்னிடம் ஐஸ் எடுக்கிற சூசைநாயகம் சொல்கிறான்.
தூரம் போகிறவனுக்கு ஐஸ் கூட வேணும்,
ஐஸுக்குக் கரண்ட் கூட வேணும்,
கரண்டுக்கு டீசல், டீசலால் கடல் இன்னும் சூடு.
தன் வாலைத் தானே துரத்துகிற நாய்;
தீனிக்கு மாதாமாதம் நான் பில் கட்டுகிறேன்.

ஆகவே, உலைக்கு ஓம் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு முன்னால் எழும்பியவர்
ஏழாலையில் வெங்காயம் வைக்கிற சபாநடேசன்.
பேசவில்லை. சோடாப் போத்தலில் கொண்டுவந்த
கிணற்றுத் தண்ணீரை மேசையில் வைத்தார்.
மேலே மெல்லிய வானவில்.
நிலத்தடியில் எண்ணெய் கலந்த காலத்தில் அள்ளி
மூடி திறக்காமல் வைத்திருந்தது.
"இதையும் பயமில்லை எண்டுதான் சொன்னவை."
இருந்துவிட்டார்.

அந்தப் போத்தல் இரண்டு பக்கமும் பேசியது.
எண்ணெயை விட்டு அணுவுக்கு வாவென்று
பொறியியலாளரின் காதில்.
சொல்கிறவன் ஆரென்று பாரென்று
என் காதில்.
ஆறில்லாத ஊர். சுண்ணக்கல்லின் பொத்தல்கள் வழியே
ஒருவன் நிலத்தில் ஊற்றியது
மற்றவன் குடத்தில் வரும்.

அக்கா றெஜினா கனடாவில், ஏரிக்கரை உலைக்குப் பக்கத்தில்.
தபாலில் அயடீன் குளிசை வந்ததாம்;
மிளகாய்த்தூள் லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறா.
பயமில்லையோ என்றால் சிரிப்பா:
"இஞ்ச குளிசையை முதலே தந்திடுவாங்கள், தம்பி."

முதலே.
அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை எனக்கு.

பிறகு கழிவு.
பல ஆயிரம் வருசம் புதைத்துக் காவலிருக்க வேணும்.
முகமாலையில் நேற்றுப் புதைத்ததையே
முழங்காலில் இருந்து இன்னும் கிண்டுகினம்.
மண்டையோட்டுப் பலகைகள் மூன்று மொழியில்;
நான் பார்த்த ஒன்றில் தமிழில் எழுத்துப்பிழை.
அவ்வளவு வருசத்துக்கும் நிற்கிற பலகையை
எந்த மொழியில் எழுதுவியள்?
ஆர் பிழை பார்ப்பது?

மணி அடித்தது.
இதெல்லாம் நினைத்ததுதான், சொன்னதல்ல.
சொன்னது இவ்வளவு:
எனக்குக் கரண்ட் வேணும். புகையில்லாமல் வேணும்.
உலை நல்லதோ கெட்டதோ, படித்தவை சொல்லட்டும்.
ஆனால் குளிசை எங்கட லாச்சிக்கு எப்ப வரும்,
விபத்துக்கு முன்னமோ, விசாரணைக்குப் பிறகோ,
அதை மட்டும் எழுதித் தாங்கோ.

குறித்துக்கொண்டார்கள். பேனை அசைந்ததைக் கண்டேன்.

அன்றிரவு பன்னிரண்டே முக்காலுக்குக் கரண்ட் நின்றது.
பாளங்களில் இருந்து சொட்டுகிற சத்தம்.
நிலவில் யசிந்தாவின் கொடி,
அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை நாலு.
ஜெனரேற்றர் சாவியைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு
முதலில் போய்
அவவின் கதவைத் தட்டினேன்.