குறைந்த சூட்டில் பத்து மணி நேரம்

மாட்டிறைச்சி இரண்டு பவுண்டு, பன்றித் தோள் இரண்டு,
ஆடு, கடையில் மிச்சமிருந்த அளவு.
நான்கு வெங்காயம். அழாமல் அரிந்தேன்.
வெளியே மைனஸ் பதினெட்டு,
கண்ணீருக்கும் சோம்பல்.
மிளகைவிடப் பருத்த ஆல்ஸ்பைஸ் மணிகள் இருபது,
பிரிஞ்சி இலை, உப்பு,
இறைச்சி மூழ்கத் தண்ணீர்.
மூடிக் குமிழைத் தாழ்வில் நிறுத்தினேன்.
சின்னச் சிவப்பு விளக்கு கண் விழித்தது.
இனி மூடியைத் தொடக் கூடாது.
ஒருமுறை திறந்தால் அரைமணி வீண்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மணி பத்தரை.
சுப்பீரியர் ஏரிக்கரையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான், இர்மா கங்காஸ்.
பண்டிகை ராத்திரியில் யார் போவதென்று
ஷெட்டில் சீட்டுக் குலுக்கினார்கள்.
என் பெயரே வந்தது, வழக்கம்போல.

மணிக்கு இருபது மைல்.
தள்ளிய இடத்தில் மறுபடி விழுகிறது,
விழுந்ததை மறுபடி தள்ளுகிறேன்.
வீட்டில் பானையும் இப்படித்தான்,
அவசரமும் தெரியாது, நிற்கவும் தெரியாது
என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரைக்கு ஊர் அணைந்தது.
தேவாலயச் சிலுவை, பெட்ரோல் பங்க் விலைப்பலகை,
எல்லாம் ஒரே மூச்சில்.

பச்சையாய் இருந்தால் பரவாயில்லை, நாளை வேகவைக்கலாம்.
அரைவேக்காட்டில் மணிக்கணக்காய் ஆறியதை
நாய்க்குக்கூட வைக்க மனம் வராது.
மத்தியானம் தங்கை ஹில்யா வருகிறாள்,
மூன்று பையன்களோடு,
மூன்றுபேருக்கும் ஆறுபேர் வயிறு.

ஏழு மணிக்கு வீடு திரும்பினேன். இன்னும் கரண்ட் இல்லை.
எங்கள் பக்கம் கதவைப் பூட்டுகிற வழக்கமில்லை.
சமையல் மேடையில் ஈர வட்டம் ஒன்று.
பானையைக் காணோம்.
தரையில் உருகிய பனி, பெரிய பூட்ஸின் அளவில்.

வாசலிலிருந்து இரண்டு கோடுகள்
சறுக்குவண்டி இழுத்த தடம்,
நடுவே காலடிகள்.
அவை போன திசையைப் பார்த்ததும்
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரெய்னோ லஹ்தி.
பதினோரு குளிர்காலமாய் என்னோடு பேசாதவர்.
என் வண்டியின் கத்தி வலப்பக்கம்தான் தள்ளும்.
அவர் வாசல் வலப்பக்கம்.
அவர் வெட்டுவார், நான் நிரப்புவேன்.
கவுண்டிக்கு ஒன்பது புகார்க் கடிதங்கள்,
ஒன்பதிலும் வண்டி எண் மட்டும்.

நான் எழுப்பிய பனிச்சுவரில்
ஆறு படிகள் வெட்டியிருந்தார்,
வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவி.

கொல்லையில் ஜெனரேட்டர் குரைத்துக்கொண்டிருந்தது.
சின்னது, ஒரு பொருளைத்தான் தாங்கும்.
அவருடைய கிறிஸ்துமஸ் மரம் இருட்டாய் நின்றது.
அதன் பக்கத்தில், தையல் மிஷின் மேல்,
கம்பளி மஃப்ளரால் மூடியை இறுகக் கட்டியபடி
என் பானை. சிவப்பு விளக்கு.

“வாசலை அடைத்ததைக் கேட்க வந்தேன்” என்றார்.
“மூணு மணிக்கா?”
“அப்பதானே அடைச்சே.”
பிறகு விறகடுப்பைக் கிளறிக்கொண்டே,
“வீடு இருட்டு. பானை சூடா இருந்தது.
அடுப்புல வெச்சா பீங்கான் வெடிச்சுடும்.”
அவ்வளவுதான் விளக்கம்.

ஹில்யா தடம் பார்த்தே வந்து சேர்ந்தாள்.
பையன்கள் படிகளில் ஏறாமல்
சுவர் மேலிருந்து குதித்தார்கள்.
ரெய்னோ ஊறவைத்த ஹெர்ரிங் மீனை எடுத்துவைத்தார்,
கறுப்பு ரொட்டி, ஐந்து தட்டு,
ஆறாவதுக்கு ஒரு வாணலி மூடி.

நான் மஃப்ளரின் முடிச்சில் கைவைத்தபோது
“உப்பு குறைச்சல்” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“ஒரே ஒரு தடவை,” என்றார் ரொட்டியிடம்.

ஆக, அரைமணி.
காத்திருந்தோம், அதிகம் பேசாமல்.
கடைசிப் பையன் ஹெர்ரிங் முழுவதையும் தின்று தீர்த்தான்.
கரண்டியைக் காட்டியதுமே இறைச்சி பிரிந்தது.
உப்பு உண்மையிலேயே குறைச்சல்தான்.

மறுபடி பனி தொடங்கியிருக்கிறது.
இன்றிரவும் என் ஷிஃப்ட்.
கத்தி இடப்பக்கம் திரும்பாது, அவருக்கும் தெரியும்.
அந்த ஆறு படிகளை மட்டும்
மூடாமல் போக முடியுமா பார்க்கிறேன்.
முடியாது என்றுதான் தோன்றுகிறது.